இருபது போத்தல் கிணற்றுத் தண்ணீர்

எனக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது என் தரவுகளை நானே குடித்திருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இன்று காற்றாலைகளின் காற்றுக்கும் ஊர்களின் மின்சாரப் பாவனைக்கும் கணித மாதிரியுரு அமைத்துச் சோறு தின்கிற ஆள் நான். கூட்டங்களில் இளம் ஆய்வாளர்கள் எழுந்து, "இந்தத் தரவு எவ்வளவு நம்பகமானது?" என்று கேட்கும்போது என் வாயில் முதலில் வருவது பதில் அல்ல, குளோரின் சுவைதான். ஏன் என்று இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் பட்டத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது, கேட்டால் கேட்கட்டும்.

கடல் ஊருக்குள் வந்து போன சில மாதங்களில் மட்டக்களப்பில் வேலையில்லாத பட்டதாரி என்று ஒருவரும் மிஞ்சவில்லை. வெள்ளை வாகனங்களில் வந்திறங்கிய நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக்கூடிய எல்லோரையும் அள்ளிக்கொண்டன. புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, தன்னாமுனையில் ஒரு வாடகை அறையில் இருந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த என்னையும் ஒன்று அள்ளியது. புளியந்தீவில் ஒரு மாடிக் கட்டடத்தில் அதன் அலுவலகம். நேர்முகத்தில் இரண்டு கேள்விதான். பின்னடைவுப் பகுப்பாய்வு தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியுமா என்றார்கள், அதுவும் தெரியும் என்றேன். இரண்டாவது பதிலுக்குத்தான் வேலை கிடைத்தது என்பது முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது.

வேலை இதுதான். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இன்றும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அலை அந்த ஊரின் கிணறுகளுக்குள் கடலை ஊற்றிவிட்டுப் போயிருந்தது. ஊருக்கு நாளுக்கு ஒருமுறை பவுசர் வண்டியில் குடிதண்ணீர் வந்து, சந்தியில் இருந்த இரண்டு கறுப்புத் தாங்கிகளை நிரப்பிவிட்டுப் போகும். குடும்பத்துக்கு இத்தனை குடம் என்று கணக்கு. கிணறுகள் எப்போது பழையபடி நன்னீராகும் என்று கணித்துச் சொல்ல வேண்டியது நான். ஆகிவிட்டது என்று நான் சொல்கிற நாளில் பவுசர் நின்றுவிடும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது கிணறுகளிலிருந்து இருபது போத்தல் தண்ணீர் எடுத்து வர வேண்டும். உப்பை அளக்கும் கருவி அலுவலக அலுமாரியில் இருந்தது. அலுமாரித் திறப்பு எங்கள் திட்ட அதிகாரியின் காற்சட்டைப் பையில் இருந்தது. அவர் கொழும்பிலிருந்து வந்த தமிழர், நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் தொடுவார். மூடி உடையாத போத்தல் தண்ணீர் தவிர வேறெதையும் பச்சையாக வாயில் வைக்கமாட்டார். கருவியைப் பாலம் தாண்டிக் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பறித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. ஆகவே கருவி அலுமாரியில் இருக்கும், தண்ணீர்தான் அதைத் தேடி வரும்.

கிராமத்தில் கிணறுகள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால். பெண்கள் குளிக்கிற இடம். வயசுப் பொடியன் ஒருவன் அங்கே போய் நிற்பது மரியாதையில்லை. நான் கிடுகு வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடிப்பேன். வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். இலக்கம் ஒட்டிய வெறும் போத்தலைக் கொடுப்பேன், அவர்கள் நிரப்பிக்கொண்டு வந்து தருவார்கள். இந்த ஏற்பாட்டை என் முதல் அறிக்கையில் 'மக்கள் பங்களிப்புடனான தரவு சேகரிப்பு' என்று எழுதினேன். அதிகாரி அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுப் பாராட்டினார்.

மூன்றாம் இலக்கக் கிணறு ஒரு அக்காவுடையது. என் பதிவேட்டில் அவருக்குப் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வாவியில் வலை போடுபவர். கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, அந்த வருடம்தான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. அலைக்குத் தன் தாயையும் தங்கையையும் கொடுத்தவர். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் அதைக் கேட்பதில்லை.

முதல் நாள் நான் போத்தலை நீட்டி, "மின்கடத்துதிறன் பரிசோதனைக்காக நீர் மாதிரி சேகரிக்க வந்திருக்கிறேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேணும் சேர்?"

"தண்ணி. கிணத்துத் தண்ணி. இந்தப் போத்தலுக்குள்ள."

"அப்பிடிச் சொல்லுங்க."

நிரப்பிக்கொண்டு வந்து தந்தார். தந்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மருத்துவிச்சி சொன்னவ, இந்தத் தண்ணிய வாயில வைக்காத, கால் வீங்கும், புள்ளைக்கும் கூடாதெண்டு. ஆனா பவுசர்த் தண்ணி குடிக்கவும் காணாது. எப்ப சேர் கிணறு நல்லா வரும்?"

"கோடு கீறிப் பாத்தாத்தான் அக்கா சொல்லலாம்."

"அப்ப கெதியாக் கீறுங்க."

அன்று திரும்பும்போது பாலத்தடிச் சாவடியில் என்னை மறித்தார்கள். பெட்டியில் இருபது போத்தல். சிப்பாய் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். தண்ணீர் என்றேன். தண்ணீர்தானா என்று அறிய அவனிடம் ஒரு வழி இருந்தது. "குடி" என்றான். குடித்தேன். கடலை நேரே வாயில் ஊற்றியது போல இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவன் சிரித்தான். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்களில் மூன்றாம் கிணற்று அக்காவின் கணவரும் மீன் பெட்டியோடு நின்றிருக்கிறார். நான் அவரைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஏதாவது ஒரு போத்தலை எடுப்பார்கள், ஒரு மிடறு குடிப்பேன், விடுவார்கள். அது எனக்குப் பழகிவிட்டது.

அளவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் தடவை இருபதும் கரித்தன. இரண்டாம் தடவை இரண்டு மூன்று கிணறுகளில் உப்பு சட்டென்று இறங்கியிருந்தது. மூன்றாம் தடவை இன்னும் நாலைந்து. அதற்கடுத்த தடவை பாதி. இருபதின் சராசரியைப் புள்ளிகளாக இட்டு அவற்றின் ஊடே கோட்டை வரைந்தபோது, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு மீண்டும் மெதுவாக என்று அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. பாடப்புத்தகத்தில் கூட அவ்வளவு ஒழுங்கான கோட்டை நான் பார்த்ததில்லை. புள்ளிகள் ஒவ்வொன்றும் சொல்வழி கேட்கும் பிள்ளைகளாகக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தன. அந்த வயதில் மற்றப் பொடியன்கள் காதலித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கோட்டை அறைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடங்கள் இருந்தன. கடலோரக் கிணறும் வாவியோரக் கிணறும் ஒரே அளவுக்கு இறங்கி ஒரே இடத்தில் நின்றன. அது எப்படி என்று என்னை நானே கேட்டேன். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் வில்லையாக மிதக்கிறது என்று எனக்கு நானே பதில் சொன்னேன். சாவடியில் குடித்த மிடறுகளும் வரவர நன்றாக இருந்தன. ஒரு மருந்து வாடை மட்டும் அடித்தது. கிணறுகளுக்கு யாரோ மருந்து போட்டிருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். கெட்டிக்காரனிடம் இதுதான் தொல்லை, அவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும்.

அதிகாரி கோட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிணறுகள் குணமாகிவிட்டன" என்றார். அறிக்கை கொழும்புக்குப் போனது. மாதக் கடைசியோடு பவுசரை நிறுத்தி அதை வடக்கே கதிரவெளிப் பக்கம் அனுப்புவதாக முடிவாயிற்று. எனக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். அன்று நான் பாலத்தைக் கடந்தபோது மோட்டார் சைக்கிள் நிலத்தில் ஓடவில்லை.

அடுத்த முறை போனபோது அக்காவுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது, காலும் வீங்கியிருந்தது. வேலியடியில் எனக்காகவே காத்திருந்தார்.

"சேர், பவுசரை நிப்பாட்டப் போறாங்களாம். கிணறெல்லாம் நல்லா வந்திட்டெண்டு ஆரோ சொன்னானாம்."

"நான்தான் அக்கா சொன்னது."

அவர் என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார்.

"இன்னும் உவர்க்குதே சேர்."

நாக்கு ஆளுக்காள் மாறும், கருவி மாறாது என்று நான் விளங்கப்படுத்தினேன். கரித்துப் பழகிய நாக்கு நல்ல தண்ணீரையும் நம்பாது என்றும் சொன்னேன். எவ்வளவு பொறுமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் தலையாட்டிக்கொண்டே போத்தலை வாங்கிப் போய், நிரப்பி, வெளியே ஒட்டியிருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார்.

அன்று பாலத்தடியில் புதிய சிப்பாய் ஒருவன். எங்கேயோ குண்டு வெடித்திருந்தது, எல்லோரும் இறுகிப்போய் நின்றார்கள். அவன் பெட்டியைத் திறந்து எண்ணினான். இருபது. ஒரு போத்தலை எடுத்து நீட்டினான், குடித்தேன். போகலாம் என்று பார்த்தால் இரண்டாவதை நீட்டினான்.

"எல்லாமா?" என்றேன்.

"எல்லாம்" என்றான்.

ஒன்றாம் கிணறு, இரண்டாம் கிணறு, மூன்றாம் கிணறு. ஐந்தாவதில் எனக்கு ஏதோ உறைத்தது. எட்டாவதை அவன் கேட்பதற்கு முன் நானே எடுத்துக் குடித்தேன். அது கடலோரக் கிணறு. ஒன்பதாவது வாவியோரம். இரண்டும் ஒன்றுதான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் ஒரே தண்ணீர், ஒரே மருந்து வாடை. எனக்கு அந்தத் தண்ணீரைத் தெரியும். சந்தியில் கறுப்புத் தாங்கியில் கை கழுவும்போது மூக்கில் ஏறுகிற அதே குளோரின். பதினைந்தாவது போத்தலில் சிப்பாய்க்கே என்மேல் இரக்கம் வந்து, "போதும், போ" என்றான். நான் போகவில்லை. மிச்சம் ஐந்தையும் அவன் முன்னாலேயே நின்று குடித்து முடித்தேன். அவன் பயந்துபோய் இரண்டடி பின்னால் வைத்தான்.

மோட்டார் சைக்கிளை வந்த வழிக்கே திருப்பினேன். வயிற்றில் இருபது மிடறு பவுசர்த் தண்ணீர் குலுங்கியது.

அக்காவும் கணவரும் முற்றத்தில் இருந்தார்கள். கணவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு வெளியே நின்றபடியே கேட்டேன். "அக்கா, இந்தப் போத்தலுக்குள்ள எந்தத் தண்ணி ஊத்தின நீங்க?"

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் வலையைப் பார்த்தார்.

"பவுசர்த் தண்ணி சேர்."

"ஏன்?"

"இவர்தான் வந்து சொன்னவர். அந்தப் பொடியன் பாவம், எங்கட தண்ணிய ஆமிக்காரனுக்கு முன்னால குடிச்சுப்போட்டு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு நிண்டெண்டு. எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கல்ல சேர். தண்ணி கேட்டு வாற ஆளுக்கு உப்புத் தண்ணி குடுத்து அனுப்பிற சனமா நாங்க? மறுகா பக்கத்து வீட்டுக்கும் சொன்னன். அவங்க அவங்கட பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருப்பாங்க."

"நான் குடிக்கவா அக்கா கொண்டு போனன்? அளக்கிறதுக்கு."

"எதால அளக்கிற? நாங்க ஒரு மெசினையும் காணல்லையே. போத்தலைக் காணுறம், நீங்க பாலத்தடியில குடிக்கிறதைக் காணுறம்."

கணவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "கடைசி வீட்டுப் பெரியவர் நீங்க ஏதோ நேத்திக்கடன் வச்சிருக்கிறீங்க எண்டு சொல்றார். இருபது வீட்டுத் தண்ணி குடிக்கிற நேத்தி."

நான் வேலிக்கட்டையில் சாய்ந்தேன். சுவரில் ஒட்டிவைத்திருந்த கோடு கண்ணுக்கு முன்னால் வந்தது. இரண்டாம் தடவை இரண்டு மூன்று கிணறு, அடுத்த தடவை நாலைந்து, பிறகு பாதி. ஒரு செய்தி வீட்டுக்கு வீடு பரவும்போது அது அந்த விதமாகத்தான் பரவும். நான் மூன்று மாதமாக வரைந்தது உப்புக் குறைந்த கோடு அல்ல, நான் அந்த ஊருக்குப் பழக்கமான கோடு. என்மேல் இரக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையை நான் அவ்வளவு துல்லியமாக அளந்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. உடனேயே, இந்த அம்மா குடிக்கவே போதாத தண்ணீரில் எனக்கொரு போத்தல் நிரப்பித் தந்தார் என்பதும், அதை வைத்து நான் அவருடைய பவுசரை நிறுத்த வழி செய்தேன் என்பதும் உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"கிணத்தடிக்குப் போகலாமா?" என்றேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு எழுந்தார். கணவர் என்னைப் பின்னால் கூட்டிப் போனார். வாளியை இறக்கி அள்ளி நானே குடித்தேன். முதல் நாள் சாவடியில் குடித்த அதே கடல்.

அந்த வாரமே இருபது கிணற்றிலும் என் கையால் அள்ளி அளந்து அதிகாரி முன் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "மூன்று மாதத் தரவு, உப்பு இறங்கிவிட்டது என்கிறது. ஒரு வாரத் தரவு இறங்கவில்லை என்கிறது. நீங்களே சொல்லுங்கள், விஞ்ஞானி எதை நம்புவான்?" என்றார். நடந்ததைச் சொன்னேன். வெளிவாரியான விருந்தோம்பல் காரணி என்று கூட ஒரு பெயர் வைத்துச் சொன்னேன். அவர் அதை ஏற்கவில்லை. கருவிதான் பழுதாகியிருக்கும் என்றார். பவுசருக்காகக் கதிரவெளியிலும் ஆட்கள் குடத்தோடு நிற்கிறார்கள் என்றும் சொன்னார். கடைசியில், "நானே வந்து பார்க்கிறேன்" என்றார்.

அவர் வருவதற்கு முந்தின நாளே நான் போய் அக்காவிடம் கெஞ்சினேன். அதிகாரி பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார், ஆனால் கொதித்த தேநீரை மறுக்கமாட்டார். கிணற்றுத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள், மிச்சத்தை அவருடைய நாக்கு பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"ஏலாது" என்றார்.

"அக்கா, பவுசர் நிண்டுபோகும்."

"நிண்டா நிக்கட்டும். ஒரு பெரிய மனிசன் முதல்தரம் எங்கட வாசலுக்கு வாறார். உப்புத் தேத்தண்ணி குடுத்தா அவர் போய் என்ன சொல்லுவார், எங்களைப் பத்தி?"

"உப்பு எண்டு சொல்லுவார். அதுதான் அக்கா வேணும்."

"ஒங்களுக்கு விளங்காது சேர்" என்று உள்ளே போய்விட்டார். தாயையும் தங்கையையும் பறிகொடுத்து, கால் வீங்கி, ஒன்பது வருடம் காத்திருந்த பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவர், வருகிறவருக்கு நல்ல தேநீர் கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தன் தண்ணீரையே விட்டுக்கொடுக்கத் தயாராக நிற்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, இரண்டையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். அலுமாரியிலிருந்து கருவியும் முதன்முதலாக வெளியுலகம் பார்க்க வந்தது. அது சரிவரவில்லை. கிணற்றில் விட்டால் ஒரு இலக்கம் காட்டியது, வாவியில் விட்டாலும் அதே இலக்கம், வெயிலில் சும்மா பிடித்தாலும் அதே இலக்கம். பற்றரி சாகும் தறுவாயில் இருந்தது. "நான் சொன்னேனே, பழுது" என்று அதிகாரி நிம்மதியாகச் சொன்னார். வாளித் தண்ணீரை ஒரு துளி வாயில் வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

முற்றத்தில் இரண்டு கதிரை போட்டிருந்தார்கள். அக்கா தட்டில் இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்து, ஒன்றை அதிகாரிக்குக் கையாலேயே எடுத்துக் கொடுத்தார், மற்றதை எனக்கு. என் கண் அதிகாரியின் வாயிலேயே இருந்தது. அவர் கைக்குட்டையால் கோப்பையின் விளிம்பைத் துடைத்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"அருமையான தேநீர்" என்றார். "தண்ணீர் நல்லாத்தானே இருக்கிறது."

முடிந்தது என்று நினைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் என் கோப்பையை எடுத்து ஒரே மிடறாக விழுங்கினேன். சீனியையும் சாயத்தையும் தாண்டி உப்பு. இருமலில் தேநீர் என் சட்டை முழுக்கத் தெறித்தது.

அக்கா ஓடிவந்தார். வருத்தமாகத்தான் சொன்னார், இரகசியமாகச் சொல்ல நினைத்ததை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "பாத்துக் குடிங்க தம்பி. ஒங்களுக்கு எங்கட தண்ணியிலதான் போட்டனான். பவுசர்த் தண்ணி ஒரு கோப்பைக்குத்தான் கண்டது. ஐயா வந்து போற ஆள். நீங்க இனி வீட்டு ஆள்தானே, நாங்க குடிக்கிறதைக் குடிச்சா என்ன?"

அதுவரை நான் அவருக்குச் சேர். அன்றுதான் தம்பியானேன்.

அதிகாரி தன் கோப்பையைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் குடிப்பது எது?"

"தம்பிக்குக் குடுத்ததுதான் ஐயா."

"இந்த நேரத்தில் இதையா குடிக்கிறீர்கள்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி எழுந்து, என் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். விளிம்பைத் துடைக்கவில்லை. அடியில் மிஞ்சியிருந்ததை உள்ளங்கையில் ஊற்றி நக்கினார். அவர் முகம் எப்படிப் போயிற்று என்று நான் எழுதப்போவதில்லை, அவர் நல்ல மனிதர் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். கதிரையில் உட்கார்ந்து, தனக்குக் கொடுத்த நல்ல தேநீரை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். "நீங்கள் குடியுங்கள் அம்மா" என்றார். அக்கா மறுத்தார். இவர் விடவில்லை. வந்தவர் கொடுத்ததை வேண்டாமென்பதும் மரியாதையில்லை என்பதால் அக்கா அதை வாங்கி, திரும்பி நின்று குடித்தார்.

பவுசர் நிற்கவில்லை. கதிரவெளிக்கு வேறொன்று தேடினார்கள். அதற்காக அதிகாரி கொழும்போடு தொலைபேசியில் சத்தம் போட்டதை மாடி முழுதும் கேட்டோம். சிபாரிசுக் கடிதத்தையும் எழுதித்தான் தந்தார். என் தவறுகளை நானே கண்டுபிடிப்பவன் என்று அதில் ஒரு வரி இருந்தது. சாவடிச் சிப்பாய்க்குச் சேர வேண்டிய பெருமை அது.

நான் படிக்கப் போய்விட்டேன். போன பிறகு சண்டை மறுபடி மூண்டது, ஊர்கள் இடம்பெயர்ந்தன, கடிதங்கள் நின்றன. அக்காவுக்குப் பெண்குழந்தை என்பது மட்டும் கடைசியாக வந்த செய்தி. தூரத்தில் இருந்துகொண்டு செய்தி பார்ப்பது கொடுமையான வேலை. அந்த வருடங்களில் நான் வரைந்த கோடுகள் எதுவும் என் நினைவில் இல்லை.

சண்டை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தேன். பாலத்தில் என்னை யாரும் மறிக்கவில்லை. பெட்டியும் போத்தலும் இல்லாமல் போவது ஏனோ கூச்சமாக இருந்தது. கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில், வாசலில் குழாய்த் தண்ணீர். ஹோர்ன் அடித்தேன். நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆரோ வந்திரிக்கி" என்றது.

அக்கா வந்து, என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நேரே குசினிக்குப் போய்விட்டார். கணவர் வாவியில் இருந்தார். தேநீர் வந்தது. நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குடிக்கப் பயமாக இருந்தது. ஒரு வாய் வைத்தேன். இனிப்பு. அவ்வளவுதான் தெரிந்தது. கிணறு குணமாகிவிட்டதா, அல்லது இத்தனை வருடம் வராமல் இருந்து நான் மறுபடி விருந்தாளியாகி, குழாய்த் தண்ணீரில் தேநீர் பெற்றுவிட்டேனா? இரண்டு காரணம் ஒரே விளைவைத் தந்தால், விளைவை மட்டும் பார்த்துக் காரணத்தைப் பிரிக்க முடியாது. இதைத்தான் வெளிநாட்டில் நாலு வருடம் படித்துவிட்டு வந்திருந்தேன்.

"என்ன தம்பி, குடிக்காம இரிக்கிறீங்க?"

"அக்கா, இது எந்தத் தண்ணி?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பழைய வேலியடி தெரிந்தது. "கிணறு பின்னுக்குத்தான் இரிக்கி. வழி தெரியும்தானே. போய் அள்ளிக் குடிச்சுப் பாருங்க."

போனேன். கயிறு புதிது, கிணறு அதுதான். பிள்ளை பின்னாலேயே வந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்தது. அள்ளி, கையில் ஏந்திக் குடித்தேன். கடல் போயிருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு, நாக்கின் ஓரத்தில், மிகச் சின்னதாக ஒரு உவர்ப்பு மிஞ்சியிருந்தது.

திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்து தேநீரை மறுபடி எடுத்தேன். இம்முறை கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தேன். சீனிக்கு அடியில், சாயத்துக்கு அடியில், அதே சின்ன உவர்ப்பு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"இவர் ஆரு அம்மா?" என்று பிள்ளை கேட்டது.

"மாமா" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?"

"ஓம்" என்று கோப்பையை நீட்டினேன்.